கொக்கை விரட்டிய பாட்டு: நாகலாபுரம் மதுரகவி பாஸ்கரதாஸ்



2016-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசை பாப் டிலன் என்கிற அமெரிக்கப் பாட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். கிதாரை மாட்டிக்கொண்டு, தானே எழுதித் தானே பாடுகிறவர். பாட்டுக்காரருக்கு இலக்கியப் பரிசா என்று உலகம் பூராவும் வாக்குவாதம் நடந்தது. நம் பத்திரிகைகளிலும் அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுதினார்கள். கானாப் பாட்டு பாடும் வியாசர்பாடியும் டிலனின் மின்னசோட்டாவும் ஒன்றா என்றுகூட ஒருவர் கேட்டார். நாகலாபுரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இந்தப் பந்தல்குடியிலிருந்து தெற்கே போய் மாவட்ட எல்லையைத் தாண்டினால் நாகலாபுரம். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டம். மாவட்டங்களை 1980-களில்தான் இப்படி அறுத்துப் பிரித்தார்கள். கரிசல் மண் அந்த எல்லைக்கோட்டை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அதே பருத்தி, அதே கம்பு, அதே மல்லி, அதே மழையில்லாத வானம். அந்த ஊர்க்காரர்தான் வெள்ளைச்சாமி. 1892-இல் பிறந்தவர், 1952-இல் மறைந்தவர். நாடு அவரை மதுரகவி பாஸ்கரதாஸ் என்று அறிந்தது. அறிந்தது என்று பெருமையாகச் சொல்கிறேன். உண்மையில் அவருடைய பாட்டை அறிந்த அளவுக்கு அவரை யாரும் அறியவில்லை. இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

அவர் வளர்ந்த காலம் ஸ்பெஷல் நாடகத்தின் காலம். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918-இல் சிறுவர்களை வைத்து சபை நடத்திக்கொண்டிருந்தார். 1922-இல் அவர் காலமானபின்னும் அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும்தான் தென்பாண்டிச் சீமையின் திருவிழா இரவுகளை ஆண்டன. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியாக வந்து இறங்குவார்கள். மேடையில்தான் சந்திப்பு. கதை எல்லாருக்கும் தெரியும். இடையில் வரும் பாட்டும் தர்க்கமும் அவரவர் கைச்சரக்கு. ஆகவே புதுப் பாட்டு வைத்திருக்கிற நடிகருக்குத்தான் கூட்டம் சேரும், கூலியும் ஏறும். அந்தப் புதுப் பாட்டுக்கு அவர்கள் தேடிப்போன இடங்களில் ஒன்று பாஸ்கரதாஸ் வீட்டு வாசல்.

அவர் எழுதிக் கொடுத்த பாட்டு ஊர்ஊராகப் போன விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகம் எதையாவது புரட்டியவர்களுக்குத் தெரியும். பாட்டுக்கு மேலே, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். சுரம் இருக்காது, தாளக் குறிப்பும் பெரும்பாலும் இருக்காது. அந்த ஒரு வரி போதும். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டு. புதிதாக மனப்பாடம் செய்யவேண்டியது சொல்லை மட்டும்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருவர் வாசிக்கக் கேட்டு அன்று ராத்திரியே பாடிவிடலாம்.

அமெரிக்காவில் நடந்ததும் இதுவேதான். ஜோ ஹில் என்ற தொழிலாளிக் கவிஞர், மாதா கோவிலில் பாடுகிற மெட்டுகளில் கூலிப் போராட்டச் சொற்களை ஏற்றினார். 1915-இல் யூட்டா மாகாணத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வுடி கத்ரி பழைய மெட்டுகளில்தான் புதுப் பாட்டுக் கட்டினார். டிலனை உலகம் அறியச் செய்த 1963-ஆம் வருஷத்துப் பாட்டின் மெட்டு, அடிமைச் சந்தையை மறுத்துக் கறுப்பின மக்கள் பாடிய ஒரு பழைய பாட்டிலிருந்து வந்தது. இதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மெட்டை இரவல் வாங்குவது திருட்டு என்று நினைப்பவர்கள் பாட்டு மக்களிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று தெரியாதவர்கள்.

இனி வெள்ளைக் கொக்குப் பாட்டுக்கு வருவோம். அதை மேடையில் பாடிய நாடக நடிகர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் சிவகாசியில் 1886-இல் பிறந்தவர், முடிதிருத்தும் மருத்துவர் குலத்தவர். அந்தச் சாதியைச் சொல்லி அவரை ஒதுக்கியவர்களும் உண்டு. அவர் முருகனாக மேடையேறியபோது கைகூப்பியவர்களும் அவர்களே. வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனம் காக்கிறாள், ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிறாள். அந்த இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு. எழுதியவர் பாஸ்கரதாஸ் என்று நாடக உலகம் சொல்லும். கூட்டத்துக்கு யார் அந்தக் கொக்கு என்று விளக்கவேண்டியிருக்கவில்லை. வெள்ளை நிறம், தூரதேசத்திலிருந்து வந்து இறங்குவது, நம் தண்ணீரில் நம் மீனைக் கொத்துவது. கம்மங்காட்டில் பரண் கட்டி, தகரத்தைத் தட்டிக் குருவி விரட்டிய சனம் கீழே உட்கார்ந்திருக்கிறது. விளைந்ததைத் தின்ன வருகிறதை விரட்டுவது அவர்களுக்கு அரசியல் பாடம் அல்ல, தை மாதத்து வேலை. அந்த வேலைக்குள்ளே சுதந்திரத்தை வைத்த புத்தி கரிசல் புத்தி. நகரத்திலிருந்து எழுதுகிறவருக்கு இது தோன்றியிருக்காது என்பது என் கட்சி.

போலீசுக்கும் இது புரிந்தது. ஆனால் என்ன செய்ய? 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டம் ராஜ துரோகமான நாடகத்தைத் தடுக்க இடம் தந்தது. வள்ளி திருமணமோ முருகன் கதை. எழுதிக்கொடுத்த நாடகப் பிரதியில் கொக்கு இருக்காது, மேடையில் பறக்கும். அதனால் நாடகத்தை விட்டுவிட்டுப் பாடினவரைப் பிடித்தார்கள். விஸ்வநாததாஸ் 29 முறை சிறை போனதாகச் சொல்வார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தோடு மயில்மேல் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. அவர் பெயரில் மண்டபம் இருக்கிறது, நினைவு இருக்கிறது. அது நியாயமே. பாடினவர் முதுகில் அடி விழுந்தது, ஆகவே பாட்டும் அவருடையதானது.

அடுத்தது பாஸ்கரதாஸின் இராட்டைப் பாட்டு; அதற்கு முன் பருத்தியைப் பார்க்கவேண்டும். அந்நாளில் நம் கரிசலில் விளைந்த பருத்தி மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ஹார்வி மில்களுக்குப் போய் நூலாகும். அருப்புக்கோட்டைத் தறிகள் அந்த நூலுக்குக் காத்துக் கிடக்கும். விதைப்பவன் கையிலும் இல்லை, நெய்பவன் கையிலும் இல்லை விலை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மதுரையில் சட்டையைக் கழற்றி அரைவேட்டிக்கு மாறினார் என்றால், அதை நம் சம்சாரிகள் ஒரு சாமியாரின் விரதமாக மட்டும் பார்க்கவில்லை. இராட்டை என்பது பருத்திக்காரனுக்குக் கணக்குப் புரிகிற சங்கதி.

பத்து வருஷம் கழித்து, 1931 அக்டோபர் 31 அன்று, தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் சென்னையில் வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கம், பம்பாய் இம்பீரியல் கம்பெனி தயாரிப்பு, டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. அவர் தமிழ் பேச, நாயகன் தெலுங்கு பேசினார். அதையும் சனம் ரசித்தது. பாட்டு எழுதியவர் நம் பாஸ்கரதாஸ். காளிதாசன் கதைக்கும் காந்திக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் காந்தியின் இராட்டையை ஆயுதமாக வைத்து அவர் எழுதிய பாட்டு அந்தப் படத்தில் ஒலித்தது. அந்த மாதம் காந்தி லண்டனில் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்திருந்தார். தமிழ்ப்படம் வாய் திறந்த முதல் நாளே இராட்டையைப் பாடியது என்றால், ஸ்பெஷல் நாடக மேடையின் பழக்கத்தை அப்படியே திரைக்குக் கொண்டுபோனவர் ஒருவர் இருந்தார் என்று அர்த்தம். பிற்காலத்தில் சினிமாப் பாட்டால் ஆட்சியைப் பிடித்தார்கள் என்று பேசுகிறோமே, அந்தக் கதையின் முதல் பக்கம் இது. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவர் எழுதியதெல்லாம் மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். மேடை கேட்டதைக் கொடுத்தவர். வடசொல் மண்டிய பாட்டுகள், அவசரத்தில் கட்டியது தெரிகிற சரணங்கள் அந்தக் காலத்து நாடக வாத்தியார்கள் எல்லாரிடமும் உண்டு, இவரிடமும் உண்டு. பக்கத்து ஊர் எட்டயபுரத்துக்காரர் பாரதி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தெம்மாங்கையும் கும்மியையும் தொட்டவர்தான் பாரதியும். கவிதை என்று வைத்தால் இருவரையும் ஒரே தராசில் நிறுத்த நான் துணியமாட்டேன். ஆனால் 1920-களில் ஒரு கரிசல் கிராமத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத ஆயிரம் பேருக்கு முன்னால், விடிய விடிய ஒலித்த குரல் யாருடைய சொல்லைப் பாடியது என்று கேட்டால் விடை நாகலாபுரத்தின் பக்கம் சாயும். பாரதி பாடல்களை 1928-இல் அரசு பறிமுதல் செய்தது. 1949-இல் அரசே உரிமையை வாங்கி நாட்டுடைமையாக்க வழி செய்தது. ஒரு கவிக்கு இரண்டுமே கௌரவம்தான். பாஸ்கரதாஸின் பாட்டுக்கு நாட்டுடைமை அரசாணை தேவைப்படவே இல்லை. எழுதிய மறுநாளே அது நாட்டுடைமை. பெயர் மட்டும் உதிர்ந்துபோயிற்று.

நல்ல வேளையாக அவர் நாட்குறிப்பு எழுதினார். 1917 முதல் 1951 வரையான குறிப்புகளை அவருடைய பேரன், நாடகக்காரர் ச. முருகபூபதி தொகுத்து நூலாகக் கொண்டுவந்திருக்கிறார். எழுத்தாளர்கள் ச. தமிழ்ச்செல்வனும் கோணங்கியும் அதே வீட்டுப் பேரன்கள்தாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாடகப் பாட்டுக்காரர் தன் நாளை எழுதிவைத்திருப்பது தமிழில் அபூர்வம். ராஜாக்களின் வரவு செலவைப் படித்துத்தான் சரித்திரம் எழுதியிருக்கிறோம். பாட்டு எழுதிப் பிழைத்த ஒரு மனிதரின் வரவு செலவைப் படித்து எழுதவேண்டிய சரித்திரம் பாக்கி இருக்கிறது. கல்லூரியில் ஆய்வுத் தலைப்புத் தேடி அலைகிற பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சங்கீத வித்வான் விளாத்திகுளம் சுவாமிகளும் இதே மண்ணில் 1889 முதல் 1965 வரை வாழ்ந்தவர். இருவரையும் சேர்த்து வைத்து இந்த வட்டாரத்துச் சங்கீதத்தை ஆராய்வது உங்கள் தலைமுறையின் வேலை.

கடைசியாக ஊராரிடம் ஒரு வேண்டுகோள். பந்தல்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் தகரப் பெட்டிக்குள் நாடகப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கும். காலணா விலை, மஞ்சள் காகிதம், அட்டை கிழிந்திருக்கும். பரணில் கிராமபோன் தட்டுகள் இருக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இப்படிப்பட்டவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்கின்றன. புத்தகம் உங்களிடமே இருக்கட்டும், படியெடுக்க மட்டும் கொடுங்கள். வீட்டில் நாடகம் பார்த்த பாட்டி தாத்தா இருந்தால், பிள்ளைகள் கையிலிருக்கும் போனில் அவர்கள் பாடுவதைப் பதிவு செய்துவையுங்கள். பாடி முடித்ததும், அது யார் எழுதினது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.