பேரனுக்கு ஊசி, பாட்டனுக்கு வேலி
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. மகனும் மருமகளும் ஷிப்டு வேலைக்குச் சென்றபின், வீட்டையும் குழந்தையையும் காப்பவர்கள் முதியோரே. அவர்களைக் காப்பது நம் கடமையாகும்.

நியுமோகாக்கஸ் என்னும் கிருமி, நோய்க்குறி ஏதுமின்றியே சிறு குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கியிருக்கும். இருமல், தும்மல் வழியே அது முதியோரை அடைந்து நிமோனியாவை உண்டாக்கலாம். சர்க்கரை நோய், இருதய நோய், நுரையீரல் நோய் உடையோர்க்கும் புகை பிடிப்போர்க்கும் அபாயம் அதிகம்.

இதற்கான தடுப்பூசி 2017ஆம் ஆண்டு இந்தியாவின் சில மாநிலங்களில் குழந்தைகளுக்குத் தொடங்கப்பெற்று, 2021இல் நம் மாநிலத்திற்கும் வந்தது. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று தவணைகளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமே. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கு இவ்வகை ஊசி போடத் தொடங்கியபின், ஊசி போடாத முதியோரிடத்தும் கடும் நோய் குறைந்தது. பேரனுக்குப் போடும் ஊசி பாட்டனுக்கும் வேலியாகிறது.

எனினும் இவ்வேலி ஒன்றே போதாது. இக்கிருமியில் 100 வகைகளுக்கு மேல் உண்டு. குழந்தைகளுக்கான ஊசியில் அடங்காத வகைகளும் முதியோரைத் தாக்கும். முதியோர்க்கான ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. விலை கொடுத்தே பெறவேண்டும். 23 வகைகளுக்கான பழைய ஊசியின் பயன் சில ஆண்டுகளில் குன்றும். புரதத்துடன் இணைத்துச் செய்யப்பெற்ற ஊசி அதனினும் உறுதியான எதிர்ப்பாற்றலைத் தரும். நெதர்லாந்தில் 65 வயதும் அதற்கு மேலுமான சுமார் 84,500 பேரிடம் 13 வகைகளுக்கான இத்தகைய ஊசி சோதிக்கப்பட்டது. அவ்வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 45 சதவிகிதம் குறைந்ததென 2015இல் வெளியான முடிவு கூறிற்று. முழுக்காப்பு அன்று; ஆனால் சிறிய பயனும் அன்று. வீட்டில் ஒருவருக்கே பணம் இயலுமாயின், நோயுற்ற முதியவரை முன்னிறுத்தி, எந்த ஊசி ஏற்றதென மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தல் நலம்.

முதியோர்க்குக் கடுங்காய்ச்சல் இன்றியும் நிமோனியா வரலாம். மூச்சு வாங்கினாலோ, திடீரென அறிவு தடுமாறினாலோ காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

உறுப்பினர்களே! வாடகை வீடுகளில் வாழும் வெளியூர்த் தொழிலாளரின் குழந்தைகள் உட்பட எவர்க்கேனும் தவணை விட்டுப்போயிற்றா எனக் கிராம சுகாதார செவிலியருடன் சேர்ந்து கணக்கெடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை தர 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வரும்போது, வீட்டு முதியோரின் இருமலையும் இளைப்பையும் சொல்லுங்கள். இவற்றுக்குச் செலவில்லை, அக்கறையே வேண்டும்.