முகம் மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு சித்திரம்



உருவப்படம் நெடுங்காலம் உடைமை உள்ளவர்களின் உரிமையாக இருந்தது. அரசரும் ஜமீன்தாரும் ஓவியரை வரவழைத்துத் தங்களை வரைந்துகொண்டார்கள். அவர்கள் நிலத்தில் நாற்று நட்ட பெண்களை யாரும் வரையவில்லை. அதனால் நம் முன்னோடிப் பெண்கள் சிலரின் பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன, முகங்கள் இல்லை. அங்கேதான் ஓவியம் ஓர் அரசியல் வேலையாகிறது.

கண்ணூரைச் சேர்ந்த ஓவியர் டி. முரளி அந்த வேலையைச் செய்தார். கேரளத்தின் சேர்த்தலையில் நங்கேலி என்ற ஈழவப் பெண்ணைப் பற்றி மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் முலைவரி கேட்டு வந்தவர்கள் முன் தன் மார்பையே அறுத்து வைத்தாள் என்பது அந்த வரலாறு. எழுத்து ஆவணம் இல்லையே என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு. ஐயம் எழுப்புவது வரலாற்றாசிரியரின் கடமைதான். அந்த ஏடுகளை எழுதியது யார், யாரை எழுதாமல் விட்டார்கள் என்று கேட்பதும் அதே கடமைதான்.

முரளி சேர்த்தலைக்குப் போனார். அவள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் முலச்சிப்பறம்பைப் பார்த்தார். அவளுடைய உறவு வழியினரிடம் கேட்டறிந்து வரைந்தார். இரத்தக் காட்சியாக அதைக் காட்ட அவர் விரும்பவில்லை; பார்ப்பவர் மரியாதை கொள்ளும் பெண்ணாகவே காட்ட நினைத்தார். நம் பெண்கள் செய்தித்தாளில் பெரும்பாலும் பிணமாகவோ கண்ணீராகவோதான் வருகிறார்கள். காயத்தை மட்டும் வரைந்தால் இரக்கம் கிடைக்கும். ஆளை வரைந்தால்தான் மதிப்பு கிடைக்கும்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. தென் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தால் 1859 ஜூலை 26 அன்று மேலாடை உரிமை அறிவிக்கப்பட்டது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்த வரலாற்றைச் சொல்லும் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016இல் சி.பி.எஸ்.இ. அறிவித்தது. பாடத்தை ஒரு சுற்றறிக்கையால் ஒதுக்கிவிடலாம். சேரிச் சுவரில் இருக்கும் படத்தை அப்படி ஒதுக்க முடியாது.

முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' கதாநாயகி பி.கே. ரோசியை நினைத்துப் பாருங்கள். தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல் சாதி இந்துக்கள் அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை ஓவியமாக வைத்தது. கேமரா காப்பாற்றாத முகத்தைத் தூரிகை மீட்க முயன்றது.

அன்னை மீனாம்பாள் சிவராஜின் நிலை வேறு. அவருக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் வழங்கிய 1938ஆம் ஆண்டு சென்னைப் பெண்கள் மாநாட்டில் முன்னின்றவர் அவர். ஆனாலும் நம் வீடுகளில் பாபாசாகேப் படத்தின் பக்கத்தில் அவர் படம் எத்தனை இருக்கிறது? முகத்தை மறைத்தது சாதி மட்டுமல்ல. நமக்குள் இருக்கும் ஆண் பார்வையும்தான்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்காக மேய்ச்சல் காட்டை எடுத்தபோது, அந்தத் தலித் கிராமத்தின் பெண்களும் திரண்டு நின்றார்கள். ஆலை வந்துவிட்டது, காடு போய்விட்டது. அந்தப் பெண்களுக்குப் படம் இருக்கிறதா? இருந்தாலும் 'போராடிய பெண்கள்' என்ற ஒற்றை வரிக்குள் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். செங்கல் சூளையில் கல் அறுக்கும் பெண்ணுக்கும், சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் பேருந்துக்கு நிற்கும் பெண்ணுக்கும் அதே கதிதான்.

மாணவர்களே, உங்களில் வரையத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். இந்தப் பெண்களைத் தேடிப் போங்கள். அனுமதி கேளுங்கள். எதிரே உட்கார்ந்து பேசுங்கள். தங்களை எப்படி வரைய வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். படத்தின் கீழே முழுப் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்குப் பின்னால் அந்தப் படங்கள் தொங்கட்டும்.