நாடகம் படிக்கும் பிள்ளையின் ஒரு நாள்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வந்தால் சீனி வியாதி, பிரஷர் என்றுதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் இன்று சொல்ல வந்தது, உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளையின் சாதாரண நாளைப் பற்றி.

லிந்துலைக் குளிரில் விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறாள். அம்மா பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டி சுட வேண்டும். தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். பிறகு மலைக் குறுக்குப் பாதையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

வகுப்பில் முதலில் பாடக் குறிப்பு. 1956இல் சரச்சந்திர மேடையேற்றிய ‘மனமே’, 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்த விதம் எல்லாம் படிக்கிறாள். அடுத்தது செய்முறை. “நெஞ்சால் கத்தாதே, வயிற்றிலிருந்து பேசு” என்பார் ஆசிரியை. அது வைத்தியமும் ஒப்புக்கொள்ளும் உண்மை. தொண்டையை இறுக்கிக் கத்தினால் குரல்நாண் புண்படும். பிரிமென்றகட்டின் பலத்தில் மூச்சை விட்டுப் பேசினால் கடைசி வாங்கு வரை கேட்கும்.

வீட்டு வேலையும் உண்டு. வயதான ஒருவர் எப்படி எழும்புகிறார் என்று பார்த்துவந்து நடித்துக் காட்ட வேண்டும். அவள் அப்பாயியைப் பார்க்கிறாள்: ஒரு கை முழங்காலில், ஒரு கை சுவரில், எழும்பிய பிறகும் கூடை சுமந்த முதுகு நிமிர்வதில்லை. மருத்துவபீடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற் பாடமும் இதுதான்: தொடுமுன் பார். “ஒண்ணுமில்ல மிஸ், சும்மா வந்தேன்” என்று சொல்லும் அம்மாவின் கை வயிற்றை விட்டு எடுபடாது. அந்தக் கையைப் பார்க்கத் தெரியாவிட்டால், எத்தனை சோதனை செய்தும் நோய் பிடிபடச் சுணங்கும். நாடகம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இது. தொழிலும் இல்லாமலில்லை. மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இதைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம்; ஆசிரியையாகவும் வரலாம்.

ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் ஒத்திகை. இங்கேதான் சிக்கல். பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டில் மலையேற வேண்டும். சிறுத்தை நடமாடும் பாதை அது. அதனால் பாதி ஒத்திகையில் புத்தகப் பையைத் தூக்குகிறாள். முழுநேரம் நிற்கக்கூடிய டவுன் பிள்ளைக்கே முக்கிய பாத்திரம் போகிறது. ஆசிரியையையும் குறை சொல்ல முடியாது, டவுன் பிள்ளையையும் குறை சொல்ல முடியாது.

இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றியதும் லயத்து முற்றத்தில் தப்பு முழங்கும். மன்மதன் எரிந்தபின் ரதி அழும் பாட்டு, சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். ஆனால் காமன் கூத்தில் ரதி வேடம் வழக்கமாக ஆண்களே கட்டுவார்கள். நம் மலையகப் பிள்ளை, நம் கூத்தின் ரதியாக நிற்கக்கூடிய இடம் பாடசாலை மேடை ஒன்றுதான். அங்கும் பஸ் நேரம் குறுக்கே நிற்கிறது.

தங்கைமாரே, அக்காமாரே, நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று பல ஊர்களிலிருந்தும் கேட்கிறீர்கள். வாசல் வளைவு, நினைவுக்கல் எல்லாம் நல்லதுதான். அவற்றுக்கு முன்னால் எங்களுடைய வேண்டுகோள் ஒன்று: ஒத்திகை நாட்களில் மேல் டிவிஷன் பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட ஒரு வேன். வாடகையைப் பத்துப் பேர் பங்கிட்டால் யாருக்கும் பாரமில்லை. பெயர் கொடுக்க விரும்புவோர் தேநீர் இடைவேளையில் செயலாளரைச் சந்தியுங்கள். கொப்பி அவர் மேசையில் இருக்கிறது.