அரங்கும் அளவும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இசை நிகழ்ச்சி ஒன்று சுவைக்காமற் போனால் பழி முதலில் பாடகர் மேல்தான் விழுகிறது. குரல் கட்டிவிட்டது என்பர்; பழைய பெயரை வைத்துக் காலந்தள்ளுகிறார் என்பர். குரல் பிழைப்பதும் உண்டு. ஆயினும் மக்களைப் பெரிதும் ஏமாற்றிய நிகழ்ச்சிகளை ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் கெட்டது குரல் அன்று. அளவே கெட்டது என்பது விளங்கும்.

2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னையை அடுத்த பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி இதற்கு நல்ல சான்று. ஆகஸ்டு 12இல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிவைக்கப்பட்டது. காத்திருந்த மக்கள் திரண்டு வந்தனர். இடமோ அவர்களைத் தாங்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் திணறியது. உயர்ந்த விலை கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கியவர் பலர் வாயிலிலேயே நின்று திரும்பினர். உள்ளே நுழைந்தோருள்ளும் பின்வரிசையில் இருந்தவர்க்குப் பாட்டு சரிவரக் கேட்கவில்லை. குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தனர். கூட்டத்தில் தகாத முறையில் தீண்டப்பட்டதாகப் பெண்கள் பலர் முறையிட்டனர். பாட்டுக் கேட்க வந்த பெண் தன் உடலைக் காத்துக்கொள்ளப் போராட நேர்ந்தது என்றால், அந்த இரவில் எத்தனை இனிய பண் ஒலித்திருந்தும் என்ன பயன்?

ரகுமான் வருத்தம் தெரிவித்தார்; உள்ளே வர இயலாதவர்கள் சீட்டின் நகலை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார்; அமைப்பாளர்களும் பொறுப்பேற்றனர். மேடையில் இருந்தபோது வெளியே நடந்தவை தமக்குத் தெரியவில்லை என்று அவர் கூறியது ஊன்றி நோக்கத்தக்கது. மேடைக்கும் கேட்பவர்க்கும் இடையே உறவு அறுந்துவிட்டது. பாடுபவர் கண்ணுக்குக் கேட்பவர் தென்படாத இடத்தில் இசை இருக்கலாம், அரங்கு இல்லை.

அரங்கு என்றால் என்ன என்பதை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் வகுத்துக் காட்டியுள்ளார். மாதவியின் ஆடலைச் சொல்வதற்கு முன்பே நிலம் தேர்ந்ததைச் சொல்கிறார். இருபத்து நான்கு பெருவிரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடையை அளக்கிறார். புகவும் புறப்படவும் இரண்டு வாயில் வைக்கிறார். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு ஏற்றச் செய்கிறார். தண்ணுமை முழக்குவோன் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவனாய், எதையும் மிகைபடச் செய்யாதவனாய் இருக்க வேண்டும் என்கிறார். குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்பற்றி நிற்க வேண்டும் என்பது அவர் காட்டும் ஒழுங்கு. ஒன்று மற்றொன்றை விழுங்கலாகாது என்பதே இதன் உட்பொருள். இவ்வளவும் அமைந்த பின்னர்தான் மாதவி வலக்கால் முன்வைத்து மேடை ஏறுகிறாள்.

இன்று நம் ஊர்த் திருவிழா மேடைகளில் இந்த ஒழுங்கு தலைகீழாக நிற்கக் காண்கிறோம். ஆறு மணிக்கு என்று சுவரொட்டியில் அச்சிட்ட மெல்லிசை, பொன்னாடைகளும் வாழ்த்துரைகளும் முடிந்து எட்டரைக்குத் தொடங்குகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி இல்லாவிடில் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி ஓய வேண்டும். பாடகர் பல்லவியோடு ஓடுகிறார். மேடைக்குப் பின்னே ஜெனரேட்டர் உறுமுகிறது. டிரம்ஸும் கீபோர்டும் குரலை மூடிவிடுகின்றன. கோயில் வாசலில் நாதசுரக் கலைஞர் ஆலாபனையில் மெல்ல மெல்ல ஏறிவரும் வேளையில் சரவெடி கொளுத்தப்படுகிறது. ஓசை மிகுந்தால் சிறப்பு மிகும் என்று எண்ணிவிட்டோம்.

வெடி செய்யும் மண்ணுக்கு ஓசையின் அளவைப் பற்றி யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலை மீறும் வெடியைச் செய்யவோ விற்கவோ கூடாது என்பது 1999 முதல் உள்ள விதி. மருந்தின் அளவு சிறிது பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதைச் சிவகாசித் தொழிலாளர் குடும்பங்கள் கண்ணீரோடு அறிந்திருக்கின்றன. வெடிக்கு அளவு பார்க்கும் நாம் பாட்டுக்கு அளவு பார்க்காதிருப்பது விந்தை.

இதனால் பெரிதும் இழப்பவர் கவிஞரே. 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும், கேட்பவர்க்கு விளங்கும் மொழியில் பாட வேண்டும் என்று போராடின. மொழி கிடைத்துவிட்டது, சொல் கேட்கவில்லை. சொல் கேட்காத தமிழ்ப்பாட்டு, தெரியாத மொழிப் பாட்டினும் மிகுந்த ஏமாற்றம் தருவது.

ஓசைக்கும் இடத்துக்கும் அளவு வேண்டுவது போல, மனத்துக்கு விரிவு வேண்டும். 1886இல் சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ், நாடக மேடையில் விடுதலை வேட்கையைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காகவே, உடன் நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். கே.பி. ஜானகி அம்மாள் துணிந்து நடித்தார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாகத் தோன்றிப் பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாஸின் உயிர் பிரிந்தது. குரலில் குறையில்லாத கலைஞர்க்கும் அரங்கு குறுகிப்போனதை இவ்வரலாறு உணர்த்துகிறது. அங்கே கெட்டது ஓசை அன்று, சமூகம்.

ஆகவே, இசை நிகழ்ச்சியைப் பழிக்கும் முன் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. கடைசி வரிசைக்குச் சொல் கேட்டதா? பெண்கள் அச்சமின்றி அமர்ந்து, அச்சமின்றி வீடு திரும்பினரா? அறிவித்த நேரத்தில் தொடங்கியதா? மேடையில் நிற்க உரியவரை யாரேனும் ஒதுக்கினரா? பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அடுத்து நடத்தவிருக்கும் பாட்டரங்கிலிருந்தே இவ்வினாக்களைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளலாம். ஒலிபெருக்கியைச் சற்றுத் தாழ்த்தி, வாழ்த்துரையைச் சற்றுக் குறைத்து, நாற்காலிகளுக்கு இடையே வழி விட்டாலே, இளங்கோவடிகள் வகுத்த அரங்கில் ஒரு கோல் அளவாவது நம் ஊரில் எழுந்துவிடும்.