மருந்து முடிந்தும் திறவாத கதவு
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘சர்வதேச அமைப்புகளும் மனித உரிமையும்’. ஜெனீவாவில் நடக்கிற கூட்டத்துக்கும் நம்முடைய மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். நம்முடைய தொழுநோய்ப் பிரிவை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

1981-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1995 முதல் அந்த மாத்திரைகள் உலகமெங்கும் இலவசமாய்க் கிடைக்கின்றன. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் ஒழுங்காய்ச் சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். ஆனாலும் குணமான சகோதரி துணிமணிகளைக் கட்டி வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அழைத்துப்போக யாரும் வரமாட்டார்கள். ஊருக்குப் போய் விசாரித்தால், “அங்கேயே இருக்கட்டும் ஐயா, நாங்கள் பணம் அனுப்புகிறோம்” என்பார்கள்.

உறவினரை மட்டும் குறை சொல்ல முடியாது. சட்டமே அப்படித்தான் இருந்தது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டப்படி, ஏழைத் தொழுநோயாளி என்று தோன்றுகிறவரைப் போலீஸார் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். திருமணச் சட்டங்களில் இந்த வியாதி விவாகரத்துக்கு ஒரு காரணம். நம்மை வருத்தப்படுத்த வேண்டிய செய்தி ஒன்று: கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் இந்தக் காரணம் முதலில் கிடையாது. 2001-இல் அதைத் திருத்தியபோதுதான் ‘தீராத தொழுநோய்’ என்று புதிதாய்ச் சேர்த்தார்கள். அதைத் தீர்க்கும் மருந்து வந்து இருபது வருடம் ஆகியிருந்தது!

இந்த இடத்தில்தான் ஐக்கிய நாடுகள் சபை வருகிறது. ஜப்பானியரான யோஹேய் சசகாவா 2003-இல் அதன் மனித உரிமை அலுவலகத்துக்குப் போய், இது வைத்தியப் பிரச்சினை மட்டுமல்ல, உரிமைப் பிரச்சினை என்று முறையிட்டார். 2008-இல் மனித உரிமைகள் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2010-இல் தொழுநோயால் பாதிக்கப்பட்டோர்மீதும் அவர்கள் குடும்பத்தார்மீதும் காட்டும் பாகுபாட்டை ஒழிப்பதற்கான கொள்கைகளும் வழிகாட்டுதல்களும் வெளிவந்தன. திருமணம், குழந்தை, வேலை, படிப்பு எதையும் இந்த நோயைச் சொல்லி மறுக்கக் கூடாது என்கின்றன அவை. 2017-இல் இதற்கென்றே ஒரு சிறப்பு அறிக்கையாளர் பதவியை ஏற்படுத்தினார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. அரசாங்கம் அழைத்தால்தான் ஒரு நாட்டுக்குப் போய்ப் பார்க்க முடியும்.

போலீஸும் சிறைச்சாலையும் இல்லாத சபையின் காகிதத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தானாக ஒன்றும் ஆகாது. யாராவது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டும். நம் நாட்டில் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களே சங்கமாய்ச் சேர்ந்து தட்டினார்கள். மத்திய சட்ட ஆணையம் 2015-இல் தன் 256-ஆவது அறிக்கையில் இந்த ஐ.நா. கொள்கைகளை எடுத்துக்காட்டியது. 2016-இல் 1898-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 2019-இல், நம்முடைய விவாகரத்துச் சட்டம் உட்பட ஐந்து சட்டங்களிலிருந்து அந்தக் காரணம் எடுக்கப்பட்டது. மாநிலச் சட்டங்களில் இன்னும் மிச்சம் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025-இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

அந்த வழிகாட்டுதல்களில் ஒரு வரி நேராய் நம்மிடத்தில் வருகிறது. இந்த நோயுள்ளவரை இழிவாய்க் குறிக்கும் சொல்லை, எந்த மொழியில் இருந்தாலும், அரசு வெளியீடுகளிலிருந்து நீக்க வேண்டும் என்கிறது. அரசுக்குச் சொன்னதுதான், ஆனால் நம்முடைய பிரசங்க பீடம் அதைவிட நல்லதாய் அல்லவா இருக்க வேண்டும்? பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் ‘குஷ்டரோகி’ என்று வாசிக்கிறோம். வாசிப்பது வேறு. அதைப் பாவத்துக்கு உவமையாக்கி அரைமணி நேரம் பிரசங்கிக்கும்போது, கடைசி வரிசையில் விரல் மடங்கிய கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ஒரு தாயார் உட்கார்ந்திருக்கிறார். ஆண்டவர் அப்படிப்பட்டவரைக் கையை நீட்டித் தொட்டார்.

2023-இல் உலகத்தில் புதிதாய்க் கண்டறியப்பட்டவர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களில் பாதிக்குமேல் நம் தேசத்தார். ஆகையால் வார்டு காலியாகிவிடவில்லை. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் கட்டுத்துணியும் பாதுகாப்புச் செருப்பும் வாங்குகிறோம். இனி ஒரு சிறு பங்கைப் பஸ் செலவுக்கும் ஒதுக்க விரும்புகிறோம். குணமானவரை ஆள் வரும்வரை காத்திருக்க வைக்காமல், நம் சமூகப்பணியாளரே கூடப் போய், வீட்டாரையும் ஊர்ப் பெரியவர்களையும் உட்கார வைத்து, சட்டம் மாறிவிட்டதென்று சொல்லிவிட்டு வருவார். அந்த ஊரில் உங்கள் சபை இருந்தால், போதகர் ஐயாவும் அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிக்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன்.