நாமே கட்டிக்கொள்ளும் காப்பு

(தைப்பொங்கலை அடுத்து நடந்த தோட்டக் குடும்பக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



பொங்கல் பானை இறக்கி இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. லயத்து வாசலில் போட்ட கோலம்கூட சில இடங்களில் அழியாமல் கிடக்கிறது. இந்த நேரத்தில் தீர்மானங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். "வேற பேச்சே கிடைக்கலையா" என்று பின்வரிசையில் ஒரு அண்ணன் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மலைநாட்டில் நமக்கு வருஷத்துக்கு மூன்று தடவை புதுவருஷம் வருகிறது. ஜனவரி 1ஆம் திகதி ஒன்று, தை பிறந்தால் ஒன்று, ஏப்ரலில் சித்திரை ஒன்று. மூன்றுக்கும் தீர்மானம் எடுக்கிறோம். ஜனவரியில் எடுத்தது பொங்கலுக்குள் முறிந்து விடுகிறது. பொங்கலுக்கு எடுத்தது சித்திரை வரைக்கும் தாக்குப்பிடிப்பதில்லை.

என்ன தீர்மானம்? நாங்கள் வீடு வீடாகப் போகும்போது காதில் விழுகிறவை மூன்று நாலுதான். "இனிமே குடிக்க மாட்டேன்." "இந்த வருஷம் கடைக் கொப்பியை மூடிடணும்." "அடகு வச்ச தோட்டை மீட்டு மகளுக்குப் போடணும்." "பையனைப் படிப்பை நிறுத்தாம பார்த்துக்கணும்." நாலும் நல்ல தீர்மானங்கள். நாலும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கின்றன என்பது வீட்டு அம்மாக்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலாவது முறிந்தால் மற்ற மூன்றும் தானாக முறியும்.

நம்முடைய பெரியவர்கள் இதைப் பற்றி முன்னமே சொல்லி வைத்திருக்கிறார்கள். சுடலை ஞானம் என்றும் பிரசவ வைராக்கியம் என்றும் சொல்வார்கள். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு ஒரு மனுஷன் போய்விடுகிறான். வயது நாற்பதுகூட இராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறோம். மண் போடும்போது நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "இதோட விட்டுடணும்டா" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் திரும்பி வருகிற பாதையில் தவறணை இருக்கிறது. குழி வெட்டின களைப்பு, மனசில் பாரம். அன்றைக்குச் சாயந்திரமே ஞானம் கரைந்து போகிறது.

அப்படியென்றால் நம் ஆட்களுக்கு மன உறுதியே கிடையாதா? அதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

வருஷம் முழுக்கக் குடிக்கிற ஒருவர் கையில் மஞ்சள் கயிறு ஏறினதும் என்ன ஆகிறார் என்று யோசித்துப் பாருங்கள். சாராயம் இல்லை, சுருட்டு இல்லை, மாமிசம் இல்லை. விடிகாலை அந்தக் குளிரில் பீலித் தண்ணியில் குளிக்கிறார். வாயில் கெட்ட வார்த்தை வருவதில்லை. பால்குடம் எடுத்து, கரகம் குடி விடும் வரைக்கும் அப்படியே இருக்கிறார். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் 41 நாள், 48 நாள் இருக்கிறார்கள். வேதக்காரக் குடும்பங்களில் தவக்காலத்து 40 நாளும் விரதம் பிடிக்கிற ஆட்கள் நமக்குத் தெரியும். (திருவிழா நேரத்திலேயே தேர் வடத்துக்குப் பக்கத்தில் தள்ளாடுகிறவர்களையும் தெரியும். அவர்கள் காப்புக் கட்டாதவர்கள்.)

ஆக, முடியும். 48 நாள் முடிந்தவருக்கு 49ஆம் நாள் ஏன் முடியாமல் போகிறது? மாலையைக் கழற்றின ராத்திரியே போத்தல் திறக்கப்படுவது ஏன்?

நாங்கள் இதைப் பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். காப்பு என்பது மனசுக்குள் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை. கயிறு கையில் தெரிகிறது. தெரிகிறதால் யாரும் "வா மச்சான், ஒரு கிளாஸ்" என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கூப்பிட்டவனுக்குத்தான் ஏச்சு விழும். வீட்டில் சமையல் மாறுகிறது, சட்டி வேறு, பாய் வேறு. சாயந்திரம் பஜனை இருக்கிறது, போக ஓர் இடம் இருக்கிறது. கூடவே அதே விரதத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். முடிகிற நாளும் முன்கூட்டியே தெரியும். "இனி சாகும்வரைக்கும் தொடமாட்டேன்" என்று சொல்கிறவருக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அவர் தனி ஆள். சொன்னது மனைவிக்கு மட்டும்தான் தெரியும், அவரும் நம்பவில்லை.

ஆகவே இந்த வருஷம் எங்கள் வேண்டுகோள் இதுதான். கோயில் காப்பு போல ஒரு வீட்டுக் காப்பு கட்டிக்கொள்ளுங்கள். சாகும்வரை வேண்டாம். ஒரு சம்பளத்திலிருந்து அடுத்த சம்பளம் வரைக்கும் கட்டுங்கள். அது முடிந்ததும் மறுபடியும் கட்டுங்கள்.

ஏன் சம்பளத்தைச் சொல்கிறோம் என்றால், தீர்மானம் முறிகிற நாள் பெரும்பாலும் அந்த நாள்தான். 10ஆம் திகதி அளவில் காசு கையில் வருகிறது. கடைக்காரர் கொப்பியோடு காத்திருக்கிறார், சீட்டுக்காரர் காத்திருக்கிறார், கூட்டாளிகளும் காத்திருக்கிறார்கள். அந்த நாள் சாயந்திரம் 4 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் நாம் எங்கே இருப்போம், யாரோடு இருப்போம் என்பதை முன்னமே முடிவு செய்துவிட வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்தோம். சம்பள நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகிறார்கள். வாங்கின கையோடு இரண்டு பேரும் பஸ் ஏறி டவுனுக்குப் போய், மாதச் சாமான் வாங்கி, பிள்ளைகளுக்குப் பாணும் பணிஸும் வாங்கிக்கொண்டு, தவறணைப் பக்கம் இல்லாத குறுக்குப் பாதையால் வீடு வருகிறார்கள். அந்த அண்ணன் சொன்னார், "எனக்கு மனசு பலம் கிடையாதுங்க. பாதையை மாத்தினேன், அவ்வளவுதான்." இந்த மலையில் நாங்கள் கேட்ட பேச்சுகளிலேயே புத்தியான பேச்சு அது.

பௌர்ணமி போயா நாளில் சாராயக் கடை பூட்டியிருக்கிறது, அன்றைக்குக் கசிப்பு தேடாமல் சும்மா இருந்துவிடுகிறவர்கள் உண்டு அல்லவா? கடை திறந்திருக்கிற நாளில் நம் பாதையை நாமே பூட்டிக்கொள்வது மாதிரிதான் இதுவும்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. அவர் இரண்டு கிழமை தொடாமல் இருந்தால், "பார்ப்போம், எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து" என்று சொல்லாதீர்கள். சொல்லத் தோன்றும். எத்தனை வருஷத்துக் கோபம் உள்ளே இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு கிழமை மட்டும் நாக்கைக் கட்டி வையுங்கள். காப்புக் கட்டினவருக்கு வேறு சமையல் செய்து கொடுத்த கை உங்களுடையதுதானே. அதற்காக, ஒருவர் குடியை விடவில்லை என்றால் பழி மனைவி மேல்தான் என்று யாரும் இங்கிருந்து அர்த்தம் பண்ணிக்கொண்டு போக வேண்டாம். குடிக்கிற கை யாருடையதோ பொறுப்பும் அவருடையது.

காந்தியைப் பற்றி ஒரு சங்கதி. 1888இல் பதினெட்டு வயதுப் பையனாக அவர் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனபோது, அவருடைய தாயார் லேசில் விடவில்லை. மது தொடமாட்டேன், மாமிசம் தொடமாட்டேன், பிற பெண்களை நாடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். அங்கே போன பிறகு, முட்டை மாமிசமல்ல என்று சிலர் சொன்னார்கள். அவரும் சில நாள் சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு நினைத்துப் பார்த்தார்: சத்தியத்தை வாங்கினது அம்மா, அம்மாவின் கணக்கில் முட்டையும் மாமிசம்தானே? விட்டுவிட்டார். நம் ஆட்கள் "பியர் குடி இல்லையே", "உடம்பு வலிக்கு மருந்து மாதிரி ஒரு மூடி" என்கிறபோது இந்த முட்டைக் கதை எங்களுக்கு ஞாபகம் வரும். யாரிடம் வாக்குக் கொடுத்தோமோ அவருக்கு விளங்கின அர்த்தம்தான் வாக்கின் அர்த்தம். மகளிடம் "குடிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் பியரும் குடிதான்.

இனி சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். தினந்தோறும், அதுவும் விடிந்ததும் குடிக்காமல் கை நிற்காது என்கிற நிலையில் இருப்பவர், இன்றோடு சரி என்று ஒரேயடியாக வீட்டில் இருந்தபடி நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். சிலர் இல்லாததைக் கண்டு பயந்து கத்துவார்கள். பேய் பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஓதிக் கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. உடம்பு பழகின சாராயம் நின்றதால் வருகிற நோய் அது, அதற்கு மருந்து உண்டு. நிறுத்துவதற்கு முன்னாலேயே தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிக்கொண்டு போங்கள். வெட்கப்பட வேண்டாம்.

காசுக் கணக்குக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபா. அதில் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், 2,700 ரூபா கழியும். மிச்சம் 31,050. அதிலும் முற்பணம், சந்தா என்று கழிவுகள் இருக்கின்றன. மழைக்காலத்திலும் வரட்சியிலும் 25 பேர் எல்லோருக்கும் விழுவதுமில்லை. இந்தச் சம்பளத்தில் "மாசம் 5,000 சேமிக்கிறேன்" என்று தீர்மானம் எடுப்பவர் இரண்டாம் மாதமே தோற்றுப் போவார். வேலைக்குப் போன நாளில் மட்டும் 50 ரூபா ஒரு டின்னில் போடுங்கள். 25 நாளுக்கு 1,250 ரூபா. பெப்ரவரியில் தொடங்கினால் செப்டெம்பர் முடிய 10,000 ரூபா. தீபாவளி அதற்குப் பிறகுதான் வருகிறது. தீபாவளி முற்பணத்தைப் போனஸ் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கடன். மாதா மாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். அதில் குறைவாக எடுத்தால் அடுத்த வருஷச் சம்பளத் துண்டு அந்த அளவுக்குக் கனக்கும். டின்னின் மூடியை ஈயம் வைத்து அடைத்து, மகளிடமோ மகனிடமோ பொறுப்புக் கொடுங்கள். பிள்ளைகள் கணக்கில் கறார்.

ஒருநாள் தவறிப்போனால்? தவறும். நூற்றுக்கு நூறு பேர் ஒரே மூச்சில் ஜெயிப்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "முறிஞ்சது முறிஞ்சு போச்சு, இனி சித்திரைக்குப் பார்ப்போம்" என்று மூன்று மாதத்தைக் குடிக்குக் கொடுப்பதுதான் மோசம். பேர் ஒரு நாள் விழாவிட்டால் அந்த மாதமே வேலைக்குப் போகாமல் இருக்கிறோமா? மறுநாள் காலையில் பிரட்டுக்குப் போகிறோம்.

கவ்வாத்து வெட்டின மலையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெறும் குச்சி நிற்கும். இரண்டு மூன்று மாதம் கொழுந்து கிடையாது. புதிதாகப் பார்க்கிறவன் செடி செத்துவிட்டது என்பான். வெட்டின மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த மலைக்கு யாரும் போவதில்லை. வீட்டிலும் முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியாது. கடைக் கொப்பி அப்படியே இருக்கும், தோடு அடகுக் கடையிலேயே இருக்கும். குடியை விட்டும் என்ன கண்டோம் என்று மனசு அலுக்கிற மாதங்கள் அவை.

வாசலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கலண்டர் வைத்திருக்கிறோம், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் காம்பராவில் மாட்டாதீர்கள், புகை பிடிக்கும். வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி முன் காம்பராவில் மாட்டுங்கள். தீர்மானம் எதுவாக இருந்தாலும் ஒன்றே ஒன்று. காத்த நாளுக்கு ஒரு கோடு, தவறின நாளுக்கு வட்டம். கோடு போடுவது பிள்ளையின் வேலை. அடுத்த சம்பளம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு இதே இடத்தில் கூடுவோம். வட்டம் நிறைய இருக்கிறவர்களும் கலண்டரோடு வாங்க, யாரும் ஏசப் போவதில்லை. தேத்தண்ணி எங்கள் செலவு.