ஒரே வைஃபையில் ஒரு செஞ்சிக் கோட்டை

செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மேல்சித்தாமூர் என்றதும் பலருக்கு ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும்தான் நினைவுக்கு வரும். எனக்கோ அங்கே நடக்கும் விடுமுறைக் கணினி வகுப்பு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்ததிலிருந்து, பிள்ளைகள் அதே கோட்டையை லுவாண்டி என்ற விளையாட்டுக்குள் கட்டுகிறார்கள். கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. 2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர்.

எல்லாரும் சேர்ந்து ஒரே கோட்டையைக் கட்ட நடுவில் ஒரு சர்வர் வேண்டும். லினக்ஸும் டாக்கரும் போட்ட பழைய லேப்டாப் போதும். சர்வருக்கு வேண்டியதையெல்லாம் டாக்கரின் ஒரு கண்டெய்னருக்குள் அடைத்து ஓட்டுகிறோம். வேண்டாமென்றால் தூக்கிப் போடலாம், லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது.

அந்தத் தூக்கிப் போடுவதில்தான் சங்கதியே. ஒரு பையன் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் மதில் எழுப்பி, கல்யாண மகாலை மாடி மாடியாக ஏற்றியிருந்தான். மறுநாள் புதிய பதிப்பு வந்திருக்கிறதே என்று பழைய கண்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக ஓட்டினான். உள்ளே போனால் புல்தரை! “சார், கோட்டையைக் காணோம்!” ஔரங்கசீப்பின் படை ஏறத்தாழ எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-இல் பிடித்த கோட்டை ஐயா அது, இங்கே ஒரு நொடியில் போய்விட்டது.

ஆகவே, விளையாட்டு உலகம் கண்டெய்னருக்கு வெளியே, லேப்டாப்பின் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும். ஓட்டும் கட்டளையிலேயே அந்த ஃபோல்டரைச் சொல்லிவிடுங்கள். பைண்ட் மவுன்ட் என்பது இதுதான். அப்புறம் கண்டெய்னரை எத்தனை முறை மாற்றினாலும் ராஜகிரி நின்ற இடத்தில் நிற்கும். லுவாண்டிக்காரர்களே தரும் கண்டெய்னரில் சர்வர் ஓடுவது 30000 என்ற பயனர் எண்ணில். ஃபோல்டரை அந்த எண்ணின் பேருக்கு மாற்றாவிட்டால், எழுத அனுமதியில்லை என்று நின்றுவிடும்.

செல்போன்கள் சர்வருக்குள் நுழையும் போர்ட் எண்ணும் அதே 30000, அதுவும் யுடிபி வகை. கட்டளையில் யுடிபி என்று சொல்லாவிட்டால் டாக்கர் டிசிபியைத்தான் திறக்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், செல்போனிலிருந்து ஒருவரும் நுழைய முடியாது. வகுப்பில் பாதி நேரம் இதிலேயே போகிறது, கேட்டுக்கொள்ளுங்கள்!

கான்ஃபிக் கோப்பில் 15 பேர் வரை என்றிருக்கும், கூட்டிக்கொள்ளலாம். கடவுச்சொல் இல்லாமல் யாரையும் விடாதீர்கள். விளையாடும்போது இன்டர்நெட் தேவையில்லை, எல்லாரும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும்.

நேரமாகிவிட்டது. ஃபோல்டர், அதன் உரிமை, யுடிபி, இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளும் உங்கள் ஊர்க் கோயிலையோ ஏரிக்கரையையோ கட்டட்டும். கட்டியதை எங்களுக்கு எழுதுங்கள்.